கொண்டுவந்தால், கொண்டுவந்திருந்தால்: ஆங்கிலக் கடிதத்தில் ஒரு கவனம்



ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டி வந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம்தான் கொடுக்கிறோம். அப்படி ஒரு மகள் எழுதிய கடிதம் நம் பார்வைக்கு வந்தது. லயத்துக் கூரை ஒழுகுகிறது. துரை சொன்னது இது: "இஃப் யூ பிரிங் எ லெட்டர், வி வில் ரிப்பேர் த ரூஃப்." கடிதம் கொண்டுவந்தால் கூரையைத் திருத்துவோம் என்று அர்த்தம்.

மகள் எழுதியதோ, "ஹீ செட் தட் இஃப் வி ஹேட் ப்ரோட் எ லெட்டர், தே வுட் ஹேவ் ரிப்பேர்ட் த ரூஃப்." இதை வாசிப்பவர், 'கொண்டுவந்திருந்தால் திருத்தியிருப்பார்கள், இவர்கள் கொண்டுவரவில்லை, காரியம் முடிந்தது' என்றுதான் நினைப்பார். கொடுத்த வாக்கு எங்கே போச்சு? ஒரு படி பின்னால் போக வேண்டிய காலம் இரண்டு படி போய்விட்டது.

தமிழில் 'என்று' போட்டால் போதும், சொன்ன வார்த்தை அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் 'செட்' வந்தால் உள்ளே இருக்கும் வினை பெரும்பாலும் ஒரு படி பின்னால் போகும். ஆனால் எல்லா 'இஃப்' வசனமும் அப்படி இல்லை. மூன்று வகை உண்டு.

1. நடக்கக்கூடியது. இது மாறும். 'பிரிங்' என்பது 'ப்ரோட்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும். சரியான வசனம்: "ஹீ செட் தட் இஃப் வி ப்ரோட் எ லெட்டர், தே வுட் ரிப்பேர் த ரூஃப்."

2. வெறும் கற்பனை. "இஃப் ஐ ஹேட் எ லொறி, ஐ வுட் சென்ட் இட்." அவரிடம் லொறி இல்லை. இதில் காலம் மாறாது. "ஹீ செட் தட் இஃப் ஹீ ஹேட் எ லொறி, ஹீ வுட் சென்ட் இட்."

3. கடந்துபோனது. "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்." இதிலும் காலம் மாறாது. "ஹீ செட் தட் இஃப் வி ஹேட் டோல்ட் ஹிம், ஹீ வுட் ஹேவ் கம்."

'ஐ', 'யூ', 'மீ' போன்ற சொற்கள் மட்டும் ஆளுக்கு ஏற்ப மாறும்.

முதல் வகையை மாற்றி எழுதினால் இரண்டாம் வகை போலவே தெரியும். அதனால் முக்கியமான கடிதத்தில் துரை சொன்ன திகதியைப் போட்டு, அவர் சொன்ன வார்த்தையையே மேற்கோள் குறிக்குள் எழுதுவது நல்லது.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் சரிபார்க்கலாம். பிள்ளை எழுதி முடித்ததும், "இதைத் தமிழில சொல்லு மகள்" என்று கேளுங்கள். 'கொண்டுவந்தால்' என்று சொன்னால் சரி. 'கொண்டுவந்திருந்தால்' என்று சொன்னால், கையெழுத்துப் போட முன்னம் திருத்தச் சொல்லுங்கள்.