வளரும் உடலும் பொருந்தும் உள்ளாடையும்: அளவுநாடா சொல்லும் அறிவியல்



தீபாவளிக்கு வாங்கிய காலணி அடுத்த தீபாவளிக்குள் கடிக்கத் தொடங்கிவிடும். அப்போது யாரும் காலைக் குறை சொல்வதில்லை. "கால் வளர்ந்துவிட்டது, புதுக் காலணி வாங்கலாம்" என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்வார்கள். உள்ளாடை விஷயத்தில் மட்டும் இந்த எளிய நியாயம் நமக்கு மறந்துவிடுகிறது. பிரா இறுகினால், தோள்பட்டையில் தடம் பதிந்தால், ஓடும்போது வலித்தால், "என் உடம்பில்தான் ஏதோ கோளாறு" என்று பல மாணவிகள் நினைத்துக்கொள்கிறார்கள். யாரிடம் கேட்பது என்றும் தெரிவதில்லை.

இதன் விளைவைப் பள்ளித் திடலில் பார்க்கலாம். ஆரம்பப்பள்ளியில் முதல் ஆளாக ஓடியவர், இரண்டாம் படிவத்தில் உடற்கல்வி வேளை வந்தாலே மரநிழலைத் தேடுகிறார். ஜொகூரின் நண்பகல் வெயிலிலும் தடித்த ஜாக்கெட்டைக் கழற்ற மறுக்கிறார். சோம்பல் என்று நாம் சொல்லிவிடுகிறோம். காரணம் வேறாகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோவானா ஸ்கர் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. 11 முதல் 18 வயது வரையிலான 2,089 பள்ளி மாணவிகளிடம் கேள்விகள் கேட்டார்கள். ஆய்வு முடிவு 2016-இல் வெளிவந்தது. மார்பக வளர்ச்சி தங்கள் விளையாட்டைப் பாதிக்கிறது என்று 46 விழுக்காட்டினர் சொன்னார்கள். இதைப் பற்றி மேலும் அறிய விரும்புவதாகச் சொன்னவர்கள் 87 விழுக்காட்டினர். கூச்சம் ஒருபுறம் இருந்தாலும், தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிடப் பெரிதாக இருக்கிறது. எனவே இந்த வாரம் அதையே பேசுவோம்.

உடலில் நடப்பது என்ன?

பெண்களுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள் மார்பக வளர்ச்சி தொடங்குகிறது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர்தான் இதற்குக் காரணம். முதலில் சிறு மொட்டுப்போல ஒரு கட்டி தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். ஒரு பக்கம் முதலிலும் மறுபக்கம் சில மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். வளர்ச்சி முடியச் சில ஆண்டுகள் ஆகும். முடிந்த பிறகும் இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் இருப்பது அரிது. நம் இரு பாதங்களும் அப்படித்தானே!

மார்பகத்துக்குள் பால் சுரப்பிகள், நாளங்கள், கொழுப்பு, இணைப்புத் திசு ஆகியவை உள்ளன. தசை இல்லை. தசை அதற்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டின்மேல் இருக்கிறது. கை காலைப்போல மார்பகம் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள முடியாது. தோலும் இணைப்புத் திசுவால் ஆன மெல்லிய பட்டைகளும் மட்டுமே அதைப் பிடித்து வைத்துள்ளன. இந்தப் பட்டைகளை விவரித்து 1840-இல் நூல் வெளியிட்டவர் ஆஸ்ட்லி கூப்பர் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர். அவர் பெயரால்தான் அவை இன்றும் அழைக்கப்படுகின்றன.

ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமல்லாமல், பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் நகர்கிறது. தாங்கல் போதாவிட்டால் தோலும் பட்டைகளும் இழுபடுகின்றன; வலி வருகிறது. இந்த அசைவைக் குறைப்பதுதான் விளையாட்டுக்கான பிராவின் வேலை.

இரண்டாம் படிவப் பாடம் இங்கே உதவும்

அழுத்தம் = விசை ÷ பரப்பளவு. இந்த வாய்பாட்டைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். இப்போது அதை ஒரு பிராவின் தோள்பட்டியில் பொருத்திப் பார்ப்போம்.

ஒரு பட்டி தோளை 2 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியின் அகலம் 1 செ.மீ., தோளைத் தொடும் நீளம் 10 செ.மீ. பரப்பளவு 10 சதுர செ.மீ., அதாவது 0.001 சதுர மீட்டர். அழுத்தம் 2,000 பாஸ்கல். பட்டியின் அகலத்தை 2 செ.மீ. ஆக்கினால் அழுத்தம் 1,000 பாஸ்கலாகப் பாதியாகிவிடும். தோளில் சிவந்த தடம் விழுவதற்கு ஒரு காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. தாங்கும் வேலையின் பெரும்பகுதியைச் செய்ய வேண்டியது, மார்புக்குக் கீழே உடலைச் சுற்றி வரும் அடிப்பட்டி. அது தளர்ந்திருந்தால் பாரம் தோள்பட்டிக்கு மாறுகிறது. பலர் அப்போது தோள்பட்டியைத்தான் மேலும் மேலும் இறுக்குகிறார்கள். அதனால் அடிப்பட்டி முதுகில் மேலே ஏறி, நிலைமை இன்னும் மோசமாகும். தோள் வலித்தால் முதலில் அடிப்பட்டியைச் சோதியுங்கள்.

75 பி என்றால் என்ன?

பிராவின் சிட்டையில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவைக் குறிக்கும். எழுத்து, மார்பின் சுற்றளவுக்கும் கீழ்ச் சுற்றளவுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கும். ஜப்பானிய அளவுமுறையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 10 செ.மீ. என்றால் ஏ, 12.5 செ.மீ. என்றால் பி, 15 செ.மீ. என்றால் சி.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் கீழ்ச் சுற்றளவு 75 செ.மீ., மார்புச் சுற்றளவு 87 செ.மீ. வேறுபாடு 12 செ.மீ. அவர் முதலில் அணிந்து பார்க்க வேண்டிய அளவு 75 பி.

நம் நாட்டுக் கடைகளில் அதே பிராவில் 34 என்றும் அச்சிட்டிருக்கும். 75 செ.மீ. என்பது 29.5 அங்குலம்தானே, 34 எங்கிருந்து வந்தது? பழைய அங்குல முறையில், அளந்த எண்ணுடன் 4 அல்லது 5 அங்குலத்தைக் கூட்டி அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணை எடுத்துக்கொள்வார்கள். இதனால் 70-க்கு 32, 75-க்கு 34, 80-க்கு 36 என்று வருகிறது. இது தெரியாமல் அங்குல நாடாவில் அளந்த எண்ணை அப்படியே கடையில் சொன்னால் தவறான அளவுதான் கையில் கிடைக்கும்.

எழுத்துகளைப் பற்றி இன்னொரு செய்தி. ஏ முதல் டி வரையிலான எழுத்துகளை 1932-இல் அமெரிக்காவின் எஸ்.எச். கேம்ப் நிறுவனம் பயன்படுத்தத் தொடங்கியது. ஏ என்றால் சிறியது, டி என்றால் பெரியது என்று தனியாக எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 70 சி, 75 பி இரண்டின் கிண்ணக் கொள்ளளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எழுத்து ஒரு வேறுபாடு, மதிப்பெண் கிடையாது. அதை வைத்துப் பெருமைப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்.

எப்படி அளப்பது?

தையல்காரர் வைத்திருக்கும் துணி அளவுநாடா போதும். கண்ணாடி முன் நேராக நின்று, நாடா தரைக்கு இணையாக இருக்கும்படி பிடித்து, மூச்சை இயல்பாக விட்டு அளக்க வேண்டும். அறிவியல் கூடத்தில் செய்வதுபோல மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். நீங்களே அளக்கலாம், அல்லது அம்மா, அக்கா, சின்னம்மா என்று நீங்கள் நம்பும் பெண் ஒருவர் உதவலாம். அளவு சொல்வதற்காக யாருக்கும் படம் எடுத்து அனுப்ப வேண்டியதே இல்லை. யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் மார்பகம் சற்று வீங்கி வலிக்கலாம். அந்நாள்களில் அளந்தால் எண் கூடுதலாக வரும். வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளப்பது நல்லது. வளர்ச்சி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால் கிண்ண அளவே தேவையில்லை. கம்பி இல்லாத, மென்மையான பருத்தி உள்ளாடை போதும். அளவு மாறுவது உங்கள் வயதோடு நிற்பதும் இல்லை. எடை கூடினாலும் குறைந்தாலும், கருவுற்றாலும், பாலூட்டினாலும், அறுவை சிகிச்சை செய்தாலும் மாறும். உங்கள் அம்மாவும் பல ஆண்டுகளாகப் பழைய அளவையே வாங்கிக்கொண்டிருக்கலாம். அவரையும் அளக்கச் சொல்லுங்கள்.

நாடா தருவது தொடக்க மதிப்பு மட்டுமே. நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு வேறுபடும். அணிந்த பிறகு இவற்றைப் பாருங்கள்:

1. அடிப்பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முதுகில் மேலே ஏறினால் அது பெரிது.
2. அடிப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூச்சை ஆழமாக இழுக்கும்போது வலித்தால் அது சிறிது.
3. கிண்ணத்தில் துணி சுருங்கி மடிந்தால் பெரிது; விளிம்பு உடலில் வெட்டினால் சிறிது.
4. கையை மேலே தூக்கி, இடத்திலேயே பத்து முறை குதித்துப் பாருங்கள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால் பொருத்தம் சரி.

கொக்கி ஏன் மூன்று வரிசை?

பிராவின் துணியில் எலாஸ்டேன் என்னும் இழை கலந்திருக்கிறது. இதை 1958-இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் டியூபோன் நிறுவன வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் மீள்தன்மை இதற்கு உண்டு. ஆனால் நாள்பட நாள்பட இழை தளரும். அதனால் புதிய பிராவை வாங்கும்போது, மிகத் தளர்வான வெளிக் கொக்கியில் மாட்டினாலே அது பொருந்த வேண்டும். துணி தளரத் தளர உள் கொக்கிகளுக்கு மாறலாம். கடைசிக் கொக்கியிலும் தளர்ந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

சூடு எலாஸ்டேனின் எதிரி. டோபிக் கடையின் சூடான உலர்த்தி இயந்திரத்தில் மற்றத் துணிகளோடு இதையும் போடாதீர்கள். கையால் துவைத்து நிழலில் காயவைத்தால் நீண்ட நாள் உழைக்கும். நம் ஈரப்பதத்தில் வியர்வை தங்கினால் வியர்க்குருவும் அரிப்பும் வரும். எனவே விளையாடி முடித்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். இரவுச் சந்தையில் வாங்கினாலும் பேரங்காடியில் வாங்கினாலும் விதி ஒன்றே: விலையைவிட அடிப்பட்டியின் மீள்தன்மை முக்கியம்.

ஓடுவதற்காகப் பிறந்த ஆடை

1977-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்னும் பெண் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தார். சாதாரண பிரா அவருக்குத் தொல்லை தந்தது. நாடக உடை வடிவமைத்த தோழி பாலி ஸ்மித், அவருடன் வேலை செய்த ஹிண்டா மில்லர் ஆகியோருடன் சேர்ந்து வழி தேடினார். ஆண் விளையாட்டாளர்கள் அணியும் தாங்கும் உள்ளாடைகள் இரண்டை வாங்கி, பிரித்து, ஒன்றாகத் தைத்தார்கள். 'ஜாக்பிரா' பிறந்தது. 1979-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 2022-இல் மூவரும் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்கள். அவர்கள் ஓடுவதை விடவில்லை, ஆடையை மாற்றினார்கள்.

சில சந்தேகங்கள்

*பிரா அணிந்தால் புற்றுநோய் வருமா?* அமெரிக்காவின் சியாட்டல் நகரிலுள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் சுமார் 1,500 பெண்களை ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டது. எத்தனை மணி நேரம் அணிந்தாலும், கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும், புற்றுநோயோடு தொடர்பு காணப்படவில்லை.

*தூங்கும்போதும் அணிய வேண்டுமா?* தேவையில்லை. வளர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ பிராவால் முடியாது.

*எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?* மாதவிடாய் முடிந்த பிறகும் மறையாத புதிய கட்டி, காம்பிலிருந்து திரவம், சிவந்து சூடாகும் தோல், ஒரே இடத்தில் நீடிக்கும் வலி ஆகியவை இருந்தால் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். உங்கள் வயதில் இவற்றில் பெரும்பாலானவை அச்சப்பட வேண்டியவை அல்ல. ஆனாலும் காட்டிவிடுவது நல்லது. வீட்டில் சொல்லத் தயக்கமாக இருந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியையிடம் பேசலாம்.

பையன்களுக்கும் ஒரு வார்த்தை

தம்பிகளே, இதுவரை படித்தீர்கள் என்றால் பாராட்டுகிறேன். பருவ வயதில் சுமார் பாதிப் பையன்களுக்கும் மார்புத் திசு தற்காலிகமாகச் சற்று வளரும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் மறைந்துவிடும். இயக்குநீர்கள் யாரையும் விட்டுவைப்பதில்லை. திடலில் ஓடும் ஒரு தோழியைப் பார்த்து நீங்கள் அடிக்கும் ஒரு கிண்டல், அவர் மறுபடி ஓடாமல் போவதற்குப் போதுமானது. வாயை மூடிக்கொள்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

செய்து பாருங்கள்

(அ) 2 கிலோ அரிசிப் பொட்டலத்தை நெகிழிப் பையில் போட்டு, கைப்பிடியை ஒரு விரலில் அரை நிமிடம் தொங்கவிடுங்கள். பிறகு கைப்பிடிக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, நான்கு விரல்களில் தாங்குங்கள். எடை மாறவில்லை, வலி ஏன் குறைந்தது?

(ஆ) பழைய எலாஸ்டிக் நாடாவில் 20 செ.மீ. வெட்டி, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையில் சிறு பையைத் தொங்கவிடுங்கள். 50 சென் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டு நீளத்தைக் குறித்து வரைபடம் வரையுங்கள். பையை ஒரு நாள் அப்படியே விட்டு, நாணயங்களை எடுத்த பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். நாடா 20 செ.மீ.-க்குத் திரும்பியதா? இல்லையென்றால், அலமாரியில் இருக்கும் பழைய உள்ளாடைகளையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.