அலமாரிக்குள் தூங்கிய இளவரசன்

வீட்டை ஒழிக்கும்போது அலமாரியின் மூலையில் பழைய அட்டைப் பெட்டி ஒன்று அகப்பட்டால் நாம் என்ன செய்வோம்? "குப்பை!" என்று தூக்கிப் போட்டுவிடுவோம். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரான்ஸிஸ் மெக்னர் என்ற தகப்பனார் அப்படிச் செய்யவில்லை. பெட்டியைப் பத்திரமாகத் தம் மகன் ஜோர்டானுக்கு அனுப்பி வைத்தார். உள்ளே இருந்தவை பிளாப்பித் தட்டுகள். அவற்றில் இருந்ததோ, ஜோர்டான் தேடித் தேடிக் காணாத புதையல்!

அது, 1989-இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் மூலப் பிரதி. அறுபதே நிமிஷத்துக்குள் சிறையிலிருந்து தப்பி, துஷ்ட மந்திரி ஜாஃபரிடமிருந்து இளவரசியை மீட்க வேண்டும். இளவரசன் ஓடுவதும் தாவுவதும் அசல் மனிதனைப் போலவே இருக்கும். ஜோர்டான் தம் தம்பியை ஓடித் தாவச் சொல்லி, வீடியோவில் பிடித்து, அதைப் பார்த்து வரைந்த படங்கள் அவை. இசை அமைத்தவர் தகப்பனாரேதான்!

பழைய ஆப்பிள் யந்திரங்களைத் தேடிப் பிடித்து, 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' ஸ்தாபனத்து ஜேஸன் ஸ்காட் முதலியோர் உதவியுடன் தட்டுகளைப் படித்தார்கள். பிறகு ஜோர்டான் அதை யாவரும் பார்க்கும்படி வெளியிட்டார்.

புது யந்திரம் ஏன் முரண்டு பிடிக்கிறது?

தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகளும் ஆடிய இந்த விளையாட்டின் பழைய பிரதியை இன்றைய கம்ப்யூட்டரில் போட்டால் ஆடாது. அது 'டாஸ்' என்ற பழைய ஏற்பாட்டுக்காக எழுதப்பட்டது; 64 பிட் விண்டோஸுக்கு அந்தப் பாஷை புரியாது. புரிந்தாலும் வேகம் வேறு தொல்லை. அந்நாளைய விளையாட்டுகள் சில, யந்திரத்தின் வேகத்தையே தாளமாகக் கொண்டவை. இன்றைய வேகத்தில் ஆடினால் கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்!

இதற்குப் பரிகாரம் 'டாஸ்பாக்ஸ்'. 2002-இல் வெளிவந்தது, காசு கிடையாது. நாடகத்தில் வாலிபன் கிழவன் வேஷம் போடுவதில்லையா? அதேபோல் புதுக் கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டராக நடிக்க வைக்கிறது. பழைய ஒலிக் கருவியைப் போல் குரல் கொடுக்கும். கன்ட்ரோலுடன் எஃப் 11 பொத்தானை அழுத்தினால் நடையைத் தளர்த்திக்கொள்ளும்.

மூலப் பிரதியே கையில் இருந்தால் இன்னும் விசேஷம். பலகாரம் ஊசிப் போனாலும் செய்முறைக் குறிப்பு இருந்தால் புதிதாகச் செய்துகொள்ளலாம் அல்லவா? 'டூம்' விளையாட்டின் குறிப்பை அதன் கம்பெனி 1997-இல் வெளியிட்டது. அதனால்தான் இன்று ஏறக்குறைய எல்லா யந்திரத்திலும் அது ஆடுகிறது.

ஆனால் எல்லா விளையாட்டுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்தவற்றில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023-இல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. பிளாப்பியின் காந்தப் பூச்சும் நாளாவட்டத்தில் கெட்டுப் போகும்.

ஆகையால் சகோதரிகளே, பழைய தட்டுகள் அகப்பட்டால் உடனே பிரதி எடுக்கச் செய்யுங்கள். கூட வந்த சிறு புத்தகத்தையும் எறிந்துவிடாதீர்கள். டாஸ் பிரதியில் முதல் கட்டம் தாண்டியதும், 'புத்தகத்தில் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன வார்த்தையின் முதல் எழுத்து என்ன?' என்று கேள்வி வரும். பதில் தெரியாவிட்டால் இளவரசிக்கு விமோசனமே இல்லை!