குளிர்காலத் தேனீ ஆகஸ்டில் பிறக்கிறது

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான நியூயார்க், வெர்மான்ட் பகுதிகளில் கொல்லையில் இரண்டு மூன்று தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட்தான் முக்கியமான மாதம். குளோவரும் லிண்டன் மரமும் பூத்து ஓய்ந்திருக்கும். மேல் தட்டுகளில் தேன் நிறைந்து, பெட்டி வாசலில் கூட்டம் மொய்க்கும். பார்க்கச் செழிப்பாகத் தெரியும் இந்த நேரத்தில்தான் அந்தக் கூடு குளிரைத் தாண்டுமா என்பது முடிவாகிறது.

கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீ சுமார் 6 வாரமே வாழும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து பிறப்பவை வேறு வகை. உடலில் கொழுப்புத் திசு தடித்து, புரதம் சேர்ந்து, 4 முதல் 6 மாதம் வரை உயிரோடு இருக்கும். பனிக்காலம் முழுவதும் ராணியைச் சூழ்ந்து காப்பவை இவையே.

இவற்றின் எதிரி வரோவா உண்ணி. வளர்ந்த தேனீயில் இது முக்கியமாகத் தின்பது அந்தக் கொழுப்புத் திசுவைத்தான் என்று 2019இல் சாமுவேல் ராம்சேயும் குழுவினரும் காட்டினார்கள். சிறகைக் கோணலாக்கும் வைரஸையும் இதுவே பரப்புகிறது. மூடிய மெழுகு அறைக்குள் கூட்டுப்புழுவின் மேல் பெருகும் இந்த உண்ணிக்கு ஆண் தேனீயின் அறை மிகவும் பிடிக்கும். அங்கே வளர்ச்சி முடியக் கூடுதல் நாளாகும். கோடை முடியும்போது ஆண் புழுக்கள் குறைந்துவிடுவதால் அத்தனை உண்ணியும் வேலைக்காரத் தேனீக்களின் அறைக்குள் புகுகிறது. தமிழ்நாட்டின் மார்த்தாண்டத்துப் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீதான் ஆசியாவில் இந்த உண்ணியின் பழைய புகலிடம். ஆனால் அதனிடம் உண்ணி பெரும்பாலும் ஆண் அறைகளில் மட்டுமே பெருக முடிகிறது. அமெரிக்கப் பெட்டிகளில் வளரும் ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. அமெரிக்காவில் உண்ணி கண்டறியப்பட்டது 1987இல்தான்.

ஆகவே முதல் வேலை எண்ணிப் பார்ப்பது. புழு உள்ள சட்டத்திலிருந்து அரைக் கப், அதாவது சுமார் 300 தேனீக்களை எடுத்து ஆல்கஹாலில் குலுக்கினால் உண்ணிகள் அடியில் தங்கும். ராணி அதில் சிக்காமல் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 9 உண்ணி தென்பட்டால், 100க்கு 3 என்ற கணக்கில், மருந்து போடும் நேரம் வந்துவிட்டது. முந்நூறு உயிரைக் கொல்லத் தயங்குபவர்கள் பொடித்த சர்க்கரையில் குலுக்கலாம். கணக்கு அவ்வளவு துல்லியமாக வராது. கண்ணால் பார்த்து "உண்ணி இல்லை" என்று சொல்வதற்கு மதிப்பே கிடையாது. மருந்துகளில் ஃபார்மிக் அமிலம் மூடிய அறைக்குள்ளும் போய்க் கொல்லும், ஆனால் கடும் வெயிலில் ராணிக்கே ஆபத்து. ஆக்ஸாலிக் அமிலம் மூடியைத் தாண்டாது. புழுவே இல்லாத டிசம்பர் வாக்கில்தான் அது நன்றாக வேலை செய்யும்.

செப்டம்பரில் கோல்டன்ராட் பூக்கும். அந்தத் தேன் வற்றும்போது பெட்டியருகே அழுக்குக் காலுறை நாற்றம் வீசும். புதிதாக வளர்ப்பவர்கள் நோய் என்று பயந்துவிடுவார்கள். இந்தத் தேனைத் தேனீக்களுக்கே விட்டுவிடுவது நல்லது. வடக்கே ஒரு கூட்டுக்கு 30 முதல் 40 கிலோ வரை தேன் வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தே பழகியவர்கள் கனம் சொல்லிவிடுவார்கள். குறைந்தால் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று பாகு வைக்கலாம், குளிர் இறங்குமுன். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் பக்கத்துக் கூட்டுத் தேனீக்களும் குளவிகளும் கொள்ளையடிக்க வந்துவிடும். அதனால் வாசலைச் சுருக்கிவிடுவார்கள்.

நோயில்லாத, ஆனால் ஆள்பலம் குறைந்த கூட்டைப் பலமான கூட்டோடு சேர்த்துவிடலாம். நடுவே ஒரு செய்தித்தாளை விரித்தால் போதும். தேனீக்கள் அதைக் கடித்துத் துளைப்பதற்குள் இரு பக்க வாசனையும் கலந்து சண்டை தணிந்துவிடும்.

அக்டோபரில் ஆண் தேனீக்கள் வெளியே தள்ளப்படும். கதகதப்புக்காகச் சுண்டெலி நுழையாதபடி வாசலில் தகடு அடிப்பது இப்போதுதான். வெப்பம் 14 டிகிரிக்குக் கீழ் இறங்கும்போது தேனீக்கள் பந்தாகத் திரண்டு, சிறகை அசைக்காமல் சிறகுத் தசையை மட்டும் அதிரவைத்துச் சூடு உண்டாக்கும். அவற்றைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அல்ல, ஈரம்தான். மூச்சின் ஆவி மூடியில் படிந்து சொட்டினால் கூட்டம் நனைந்து மடியும். மேலே சிறு காற்றுத் துளை வைப்பது அதற்காக.

ஜனவரி வாக்கில் ராணி மறுபடி முட்டையிடத் தொடங்கும். புழுவுக்காகப் பந்தின் நடுவை 34 டிகிரியில் வைக்க வேண்டியிருப்பதால் தேன் அப்போதுதான் வேகமாகக் கரையும். பட்டினியால் சாகும் கூடுகளில் பல, பனியெல்லாம் தாண்டி, பூ பூக்கச் சில வாரமே இருக்கும் மார்ச்சில்தான் சாகின்றன.