வளவில் வந்தேறிய நத்தை

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் மட்டக்களப்பு வாவிக்கரை வளவுகளிற் பெருநத்தைகள் வெளிப்படுதலைப் பலரும் கண்டிருப்பர். கத்தரி, பப்பாசி நாற்றுகள் ஓரிரவில் வெறுந்தண்டாய் நிற்கும். இந்நத்தை நம் நாட்டுக்கு உரியதன்று. கிழக்காபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது, 1847 இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்கும், 1900 அளவில் இலங்கைக்கும் மனிதராலேயே கொண்டுவரப்பட்டது.

இதன் பெருக்கத்துக்குக் காரணம் யாது? ஒவ்வொரு நத்தையும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டையும் உடையது. ஆதலின் புணர்ந்த இரண்டுமே முட்டையிட வல்லன. ஒருமுறைக்கு நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் மண்ணுள் இடப்படுவதுண்டு. கோடையில் ஓட்டின் வாயை மெல்லிய தோலால் மூடி மாதக்கணக்கில் உறங்கும். எனவே, கண்ணுக்கு மறைந்தது மடிந்ததாகாது.

உப்பைத் தூவினால் நத்தை நீரிழந்து மடியும். ஆயின் அவ்வுப்பு பயிரின் வேரையும் வருத்தும். மெற்றல்டிகைட்டு என்னும் நச்சிரை நாய்க்கும் கோழிக்கும் குழந்தைக்கும் கேடு விளைப்பது. 1955 இல் அவாய்த் தீவுகளில், நத்தையைத் தின்னும் பிறிதொரு நத்தையை விடுத்தனர். அதுவோ அத்தீவுகளுக்கே உரிய மரநத்தைகளை அழித்தது.

ஆகவே கையாற் பொறுக்குதலே சாலச் சிறந்தது. அந்திவேளையிற் கையுறையணிந்து பொறுக்கி, வாளியிலுள்ள உப்புநீரில் இட்டுக் கொன்று, ஆழப் புதைத்தல் வேண்டும். எலியின் நுரையீரற் புழுவை இந்நத்தை சுமப்பதுண்டு. அது மனிதருக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கும். கீரையை நன்கு கழுவுதலும் இதனால் இன்றியமையாததாகும். பொச்சுக் குவியல்களை அகற்றி, அவற்றின்கீழ் உள்ள முட்டைகளை நசுக்குக. வேலி நத்தையைத் தடுக்காது. அயலவர் ஒன்றுகூடிச் செய்தாலன்றி இம்முயற்சி பயன் தராது.