விரலுக்குத் தக்க விசை – 9: மூன்றரை வயதுக்கு ஒரு பெட்டி

வத்தலக்குண்டு. யு.கே.ஜி. வகுப்பு. லண்டனில் இருக்கும் பழைய மாணவி அனுப்பிவைத்த மஞ்சள் நிற பீ-பாட்: பொத்தானை அமுக்கினால் தரையில் ஊரும் வண்டு பொம்மை. அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "இந்த வயசுல எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்ற டீச்சர். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடிக்கலாம். டீச்சர் அலமாரியைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

ஆனால் அதற்குள் ராடியா பெர்ல்மன் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

நெட்வொர்க் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். அலுவலகக் கணினிகளைக் கேபிளால் இணைக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு வழி அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு வழி போட்டுவைத்தால், அனுப்பிய தகவல் அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு சுற்றும். சுற்றச் சுற்றப் பெருகி, இணைப்பு முழுவதையும் முடக்கிவிடும். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தில் 1985-இல் இதற்கு விடை கண்டவர் பெர்ல்மன். 'ஸ்பானிங் ட்ரீ' என்று அதற்குப் பெயர். மேலதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை சிக்கலைச் சொல்லிவிட்டு விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார். அன்றிரவே பெர்ல்மனுக்கு வழி புலப்பட்டது. அடுத்த வாரத் தொடக்கத்திலேயே எழுதியும் முடித்துவிட்டார். காட்டலாம் என்றால் அதிகாரி ஊரில் இல்லை. மிச்ச நாட்களில் என்ன செய்வது? தான் கண்டுபிடித்ததைப் பற்றி ஒரு கவிதை எழுதினார்! மரங்களைப் பற்றி ஜாய்ஸ் கில்மர் எழுதிய பிரபலமான ஆங்கிலக் கவிதையைக் கேலியாகத் திருப்பிப்போட்ட கவிதை.

இவ்வளவும் கணினி உலகம் அறிந்த கதை. எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது, இதற்குப் பத்து வருடம் முந்தைய கதை. 1970-களின் நடுவில், எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் மாணவியாக இருந்த இதே பெர்ல்மன், மூன்றரை வயதுக் குழந்தைகளுக்குக் கணினி பழக்கப் பெட்டி செய்துகொண்டிருந்தார்.

அந்தப் பெட்டி பிறந்தது லோகோவிலிருந்து. லோகோ பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 1967-இல் வாலி ஃபோயர்ஸாய்க், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்று உருவாக்கிய கணினி மொழி. அதோடு பின்னர் சேர்ந்ததுதான் ஆமை: கட்டளைக்கு ஏற்ப ஊர்ந்து, வயிற்றில் செருகிய பேனாவால் தரையில் கோடு போடும் எந்திரம். (எந்திர ஆமை என்ற எண்ணத்துக்கே ஒரு தாத்தா உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர் 1940-களின் கடைசியில் எல்மர், எல்சி என்று இரண்டு ஆமைகள் செய்தார். வெளிச்சத்தைத் தேடித் தாமாக ஊரும். அந்தப் பக்கம் போனால் பத்திரிகை ஆசிரியர் கத்தரியைத் தூக்குவார், திரும்பிவிடுகிறேன்.)

ஆமையை ஓட்ட வேண்டுமானால் விசைப்பலகையில் ஆங்கிலச் சொல்லைத் தட்ட வேண்டும், பக்கத்தில் எண்ணையும் தட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குச் சரி. எழுத்தே அறியாத குழந்தை என்ன செய்யும்? 'அது வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். பெர்ல்மன் குழந்தையை விட்டுவிட்டு விசைப்பலகையை மாற்றினார்.

முதலில் ஒரு பொத்தான் பெட்டி. முன்னால் போ, பின்னால் வா, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, பேனாவை இறக்கு, ஹாரன் அடி. ஒரு பொத்தானுக்கு ஒரு செயல். அமுக்கினால் உடனே நடக்கும். குழந்தை இதில் ஆடி அலுத்த பிறகுதான் அடுத்த பெட்டி வரும். அதை முதல் பெட்டியோடு இணைத்துக்கொள்ளலாம். அதில் எண்கள் மட்டும். ஐந்தை அமுக்கி, பிறகு 'போ' என்றால் ஐந்து தடவை போகும். அதுவும் கைக்கு வந்த பிறகு மூன்றாவது: ஞாபகப் பெட்டி. 'ஞாபகம் வைக்க ஆரம்பி', 'நிறுத்து', 'செய்', 'மற'. குழந்தை அமுக்கிய வரிசையைப் பெட்டி வைத்துக்கொண்டு, கேட்டபோது ஆமையை அப்படியே நடத்திக் காட்டும். அதுதான் நிரல். குழந்தைக்கு அந்தப் பெயர் தேவையில்லை.

பிறகு இன்னொரு கருவி, அட்டை செருகும் எந்திரம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நீள நீளமான பெட்டிகள்; மேலே வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கட்டளை அட்டையைச் செருக வேண்டும். பக்கத்தில் உள்ள பொத்தானை அமுக்கினால், அட்டைகள் சொன்னபடி ஆமை ஒவ்வொன்றாகச் செய்யும். நடுவே ஒரு நீல அட்டையைச் செருகினால், நீலப் பெட்டியில் இருப்பதைச் செய்துவிட்டு வரும். சிவப்புப் பெட்டிக்குள்ளேயே சிவப்பு அட்டையைச் செருகினால்? தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு, ஓயாமல் ஓடும். கல்லூரியில் ரிகர்ஷன் என்று சொல்லிக்கொடுத்து, பாதி வகுப்பைக் கலங்க வைக்கும் சங்கதி இது. இங்கே அது ஒரு சிவப்பு அட்டை.

இப்படிப்பட்டவர் அந்த வேலையை ஏன் விட்டார்? காரணத்தைப் பிற்காலப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். சுற்றிலும் ஆண்கள், பெண் என்று அநேகமாக அவர் மட்டும். விஞ்ஞானி என்று மதிக்கப்பட வேண்டும். சின்னக் குழந்தைகளோடு விளையாடும் ஆராய்ச்சி என்றால் யார் மதிப்பார்கள் என்ற கூச்சம். விட்டுவிட்டார். உலக நெட்வொர்க்குகளுக்கு அது லாபம். பாலர் வகுப்புக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. திரை இல்லாமல், மரக் கட்டைகளை வரிசையாக அடுக்கி எந்திரத்தை ஓட்டும் கிபோ போன்ற பொம்மைகள் கடைக்கு வர ஏறக்குறைய 40 வருடம் ஆயிற்று.

அந்தக் கூச்சம் எம்.ஐ.டி.யோடு நின்றதா? "என்ன, எல்.கே.ஜி. டீச்சர்தானே, பால்வாடிதானே" என்ற குரலை நம் ஊரில் கேட்காதவர் உண்டா? 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது, இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றியது பெரிய தகராறானது. பதவி இறக்கம் என்றே பலர் நினைத்தார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து யு.கே.ஜி.க்குப் போவது கீழே இறங்குவதாம்.

இனி வத்தலக்குண்டு.

டீச்சருக்கு பெர்ல்மனைத் தெரியாது. பீ-பாட்டை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஏழு பொத்தான்: முன், பின், இடம், வலம், நடுவில் 'கோ', அப்புறம் ஒரு நிறுத்தல் குறி, ஒரு பெருக்கல் குறி. முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தார். 'முன்', 'கோ' இரண்டையும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் ஒட்டி மறைத்தார்.

"ஏங்க, அவ்வளவையும் மூடிட்டீங்க?"

"எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டினா எதுவும் நிக்காது சார். 'அ'னாவை எழுத வைக்கிறப்பவே 'ஔ' வரைக்கும் போர்டுல எழுதிப் போட மாட்டோம்ல?"

பெர்ல்மன் பெட்டியை மூன்றாகப் பிரித்தார்; இவர் பிளாஸ்திரி ஒட்டினார். வேலை ஒன்றுதான்.

பீ-பாட் ஒரு அடி வைத்தால் 15 சென்டிமீட்டர். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்கேலின் நீளமும் அதுவேதான்! (இதைக் கண்டுபிடித்த அன்று டீச்சருக்கு இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இந்த வாரம் நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.) ஸ்கேலை வைத்து, சாக்பீஸால் சிமென்ட் தரையில் கட்டம் போட்டார். பாண்டி விளையாட்டென்று நினைத்து ஒருத்தி ஏற்கெனவே நொண்டியடித்து உள்ளே போய்விட்டாள். வண்டைக் கட்டத்தில் வைத்தார். ஒரு பையன் ஒருமுறை 'முன்', பிறகு 'கோ'. ஒரு கட்டம் போயிற்று. கைதட்டல்.

அடுத்த பிள்ளை. ஒருமுறை 'முன்', பிறகு 'கோ'. வண்டு இரண்டு கட்டம் போயிற்று. அதற்கடுத்த பிள்ளைக்கு மூன்று.

"மிஸ், நான் ஒருவாட்டிதான் அமுக்குனேன்!"

"வண்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு மிஸ்."

டீச்சர் எதுவும் பேசவில்லை. அடுத்த பிள்ளையை வரச் சொன்னார். அமுக்குவதற்கு முன்பு, எத்தனை கட்டம் போகும் என்று எல்லோரையும் கேட்டார். முதல் வரிசையில் சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்த பையன், "நாலு" என்றான். நாலுதான். "எப்படிடா சொன்ன?" "அவங்க அமுக்குனதும் அதுக்குள்ளயே இருக்கு மிஸ்."

அதேதான். 'கோ' அமுக்கினாலும் பழைய கட்டளைகளைப் பீ-பாட் அழிப்பதில்லை. புதியது பழையதற்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அழிப்பதற்கென்று இருப்பது அந்தப் பெருக்கல் குறி, பெர்ல்மனின் பெட்டியில் 'மற' என்று இருந்த பொத்தான். டீச்சர் பிளாஸ்திரியை உரித்தார். இப்போது அந்தப் பொத்தானின் உபயோகத்தை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது தேவை என்று வகுப்பே கண்டுபிடித்த பிறகுதான் அது வெளியே வந்தது.

என் பிடிவாதமே இதுதான். ஒன்பது வாரமாக இதையே சுற்றிச் சுற்றி எழுதுகிறேன். கருவியை ஓட்டப் பழகுவது அரை நாள் வேலை. எதை முதலில் தருவது, எதை மூடி வைப்பது, எப்போது திறப்பது, பிள்ளை திணறும்போது எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருப்பது என்பதுதான் வருடக்கணக்கான வேலை. அது இந்த டீச்சர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சி கொடுப்பவர்கள் முதலாவதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டாவதைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

இதைப் பெர்ல்மனுக்கும் முன்னால் செய்து காட்டியவர் மரியா மாண்டிசோரி. அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரங்கள். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை. எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம். அளவு மட்டும் மாறும். ஒரு பொருளில் ஒரு சிக்கல்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர், உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் சில காலம் கொடைக்கானலில் தங்கியிருந்தார். வத்தலக்குண்டிலிருந்து மலையேறினால் கொடைக்கானல். இதைச் சொன்னதும் டீச்சர், "அட, நம்ம பக்கத்துக்காரங்களா!" என்றார்.

அவர் போய்வந்த டிஜிட்டல் பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். செயலியை இறக்கு, லாகின் போடு, ஓ.டி.பி. வருதா பார், சான்றிதழைத் தரவிறக்கு. "பிள்ளைங்கங்கிற பேச்சே வரலை சார்," என்றார். அங்கன்வாடிப் பணியாளர்களின் நிலையும் ஏறக்குறைய இதே. தமிழ்நாட்டில் 54,000-க்கும் அதிகமான மையங்கள். 2021-இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் எடை, உயரம், வருகை எல்லாம் ஏற்ற வேண்டும். அவசியமான வேலைதான். ஆனால் பாலர் வகுப்புக்குள் செல்போன் முதலில் பதிவேடாகத்தான் நுழைந்தது; விளையாட்டுச் சாமானாக நுழையவில்லை. டிஜிட்டல் என்ற சொல் இவர்கள் காதில் 'இன்னொரு ரிஜிஸ்டர்' என்று விழுந்தால் குற்றம் யாருடையது?

திரை பற்றியும் ஒரு வார்த்தை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது. பீ-பாட்டிலும் கிபோவிலும் அந்தக் கவலை இல்லை. அதனால்தான் இவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன். டேப்லெட்டை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தது உண்மை. பெர்ல்மன் பக்கத்தைத் தின்றுவிட்டார். பத்திரிகை ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

இடது பொத்தான் இன்னும் பிளாஸ்திரிக்கு அடியில்தான் இருக்கிறது. 'திரும்பு' என்றால் வண்டு நின்ற கட்டத்திலேயே திரும்பும், பக்கத்துக் கட்டத்துக்குப் போகாது. இது பெரியவர்களையே ஏமாற்றும். அதனால் டீச்சர் முதலில் பிள்ளைகளையே கட்டத்தில் நிற்கவைத்துத் திருப்பிக்கொண்டிருக்கிறார். "அடுத்த பயிற்சிக்குக் கூப்பிட்டா வண்டையும் எடுத்துட்டுப் போறேன் சார். ப்ரொஜெக்டர் போடுறதுக்கு முன்னாடி எல்லாரையும் தரையில உக்கார வைக்கணும்," என்கிறார்.

டேப்லெட் அடுத்த வாரம் உண்டு. ஏனென்றால் சிக்கல் ஒன்று வந்தாயிற்று. வண்டு போன பாதையை டீச்சர் படமெடுத்தார். அதில் "நாலு" என்று சொன்ன பையனின் முகமும் விழுந்துவிட்டது. பெற்றோர் வாட்ஸ்அப் குழு படத்தைக் கேட்கிறது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பையனின் அம்மா சரி என்கிறார், அப்பா கூடாது என்கிறார். டீச்சர் இன்னும் படத்தை அனுப்பவில்லை. நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா?

(தொடரும்)