கடிகாரம் காட்டிக்கொடுக்கும்

2013 டிசம்பர் 16 காலை, தேர்வு நேரத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நான்கு கட்டடங்களைக் குறிப்பிட்டு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் விவரமானவர்தான்: தற்காலிக முகவரி, அதற்கும் முன்னால், இணையத்தில் யார் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்பு. ஆனால் டோருக்குள் நுழைந்தது பல்கலைக்கழகத்தின் வைஃபை வழியாக. மின்னஞ்சலுக்கு முந்தைய சில மணி நேரத்தில் அந்த வைஃபையிலிருந்து டோருக்குப் போனது யார் என்பது பதிவில் இருந்தது. விசாரணை ஒரு மாணவரிடம் வந்து நின்றது. டோரின் குறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை.

குறியாக்கம் காப்பது கடிதத்தை. அது கிளம்பிய நேரத்தை அல்ல. கம்பியில்லா வலையில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. கம்பியில் கை வைக்க வேண்டாம், பக்கத்தில் ஓர் ஆன்டெனா இருந்தால் போதும். ஒரு கருவி, இன்னொன்றிடமிருந்து தனக்கு வந்த தரவுப் பாக்கெட்டை மூன்றாவது கருவிக்குத் தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சோ வீடியோவோ என்றால் அதை நெடுநேரம் கையில் வைத்திருக்க முடியாது. ஆக, உள்ளே வந்த ஒவ்வொன்றுக்கும் சிறிது நேரத்தில் வெளியே போகும் ஒன்று ஜோடி சேர்ந்துகொண்டே இருக்கும். பத்து ஜோடி தற்செயலாகச் சேரலாம், பத்தாயிரம் சேராது.

வெற்றுப் பாக்கெட்டுகளைக் கலந்து குழப்பினால்? நெல்லில் பதர் கலக்கிற வேலைதான். ஆங்கிலத்திலும் அதற்குப் பதர் என்றே பெயர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டிங் ஹேயும் லாங் டோங்கும் 2008இல் இதற்கொரு கணக்கே போட்டார்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் கொஞ்சம் பதரே போதும்; முடியாதென்றால் நிறைய வேண்டும்; கைமாறும் இடங்கள் கூடக் கூட அதுவும் ஏறும். பதரும் அதே அலைவரிசையை அடைக்கும், அதே பேட்டரியைத் தின்னும். ஒட்டுக்கேட்பது மலிவாக இருக்கும் அதே இடத்தில் ஒளிந்துகொள்வது விலை கூடியதாகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நேரப் பொருத்தம் சாட்சியாகுமா என்று கேட்பது நியாயமே. டோரைப் பயன்படுத்துவது குற்றமல்ல. அந்த மாணவரும் ஒப்புக்கொண்ட பிறகே வழக்கு உறுதியானது. ஆனால் கண்காணிப்பவருக்குத் தீர்ப்பு வேண்டியதில்லை, யாரைப் பின்தொடர்வது என்று தெரிந்தால் போதும்.

நேரம் காட்டிக்கொடுப்பது யார் என்பதை மட்டுமல்ல. தட்டச்சின் நேர இடைவெளிகளே கடவுச்சொல்லைப் பற்றித் துப்புத் தரும் என்று 2001இலேயே பெர்க்லி ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் குறியாக்கத்தோடு நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் 2023 அக்டோபரில் வந்த 9.5 பதிப்பில்தான் விசைத் தட்டல்களை 20 மில்லிவினாடிக்கு ஒன்றாக, சீராக அனுப்பத் தொடங்கியது. தட்டி முடித்த பின்னும் சற்று நேரம் பொய்த் தட்டல்களை விட்டுக்கொண்டிருக்கிறது.