நாற்பது மணி நேரமும் முப்பத்தைந்து மார்க்கும்!

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையிலே அதிகாலையில் நின்று பார்த்தவர் அறிவர்: பஸ்ஸுக்குப் பின் பஸ், உள்ளே, இரவு ஷிப்டு முடித்து, ஜன்னலோரம் தலை சாய்த்து உறங்கும் இளைஞர் கூட்டம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010இல் ஒரகடத்திலும் கார்கள் உருளத் தொடங்கின. இன்று அந்த வட்டாரத்துக் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கடல் கடந்து செல்கின்றன. அவற்றை ஆக்கித் தந்த கரங்களுக்கு உரியவர்களிலே, பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இடறி விழுந்து, அந்த ஒரு பாடத்தைத் தனித்தேர்வராக எழுதத் துடிப்போரும் உண்டு. இரும்புக்கு அஞ்சாதவன், இங்கிலீஷுக்கு அஞ்சுகிறான்!

அஞ்சாமல் என்ன செய்வான்? பத்தாவது தேறாதவனுக்குப் பாலிடெக்னிக்கின் கதவு திறப்பதில்லை. ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவு கிடைப்பதில்லை. வேண்டியது 100க்கு 35. அது இல்லாத குறையால், கை தேர்ந்தவன் கடைசி வரிசையிலே நிற்கிறான்!

படிக்க நேரம் எங்கே என்பீர்கள். உண்மை. ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு. ஓவர்டைம் வந்தால் அதுவும் போச்சு. தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கிறதென்று கொள்வோம். வாரத்துக்கு 5 மணி நேரம் கிடைத்தால் 40 மணி. பள்ளிக்கூடம் பத்தாண்டில் தராததை, நாற்பது மணியில் தர முடியுமா?

முழுவதையும் தர முடியாது. தேர்ந்தெடுத்துத் தர முடியும். அங்கேதான் ஆசிரியனின் அறிவுக்குச் சோதனை!

"அடித்தளம் வேண்டும், இலக்கணத்தை முதலிலிருந்து நடத்து" என்பார் ஒரு பெரியவர். நடத்தலாம், எட்டாவது வாரத்தில் பாதி இலக்கணத்தோடு பையன் தேர்வுக்கூடம் செல்வான். "கைடை வாங்கிக் கொடு, உருப்போடட்டும்" என்பார் இன்னொருவர். உருப்போட்டது, கேள்வி சற்றுத் திரும்பியதும் உதிர்ந்து போகும். இருவருக்கும் நாம் சொல்வோம்: ஐயா, முதலில் வினாத்தாளைப் பாருங்கள்!

ஆங்கிலத்துக்கு இரண்டு தாள் என்றிருந்ததை 2019இல் ஒரே தாளாக்கினார்கள். அதிலே ஒரு மார்க் வினாக்கள் 14. கடிதம், நோட்டீஸ், விளம்பரம், படம் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல், பிழை திருத்தம் ஆகியவற்றில் நான்கு எழுதினால் 20. மனப்பாடப் பாட்டுக்கு 5. வரைபடம் பார்த்து வழி சொல்ல 2. பத்தியைப் படித்து, அதிலேயே கிடக்கும் விடையை எடுத்தெழுத 8. கூட்டுங்கள்: 49! இதிலே 14ஐ நழுவவிட்டாலும் கரை சேரலாம். பாடக் கேள்விகளிலே எழுதுவதெல்லாம் மேல் வரும்படி. நாற்பது மணியில் முப்பதை இந்த 49க்குக் கொடுங்கள். மிச்சம் பத்து, பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்க.

இன்னொன்று. நம் தம்பி வெறுங்கையோடு வரவில்லை! ஷிப்ட், லைன், டூல், ஸ்டாக், சேஃப்டி, ரிஜெக்ட், எமர்ஜென்சி: எத்தனை சொற்களை அவன் நாள்தோறும் சுமந்து திரிகிறான்! அவை ஆங்கிலமென்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை. அவற்றிலிருந்து தொடங்குங்கள். கேட்டிலிருந்து கேன்டீனுக்கு வழி சொல்லச் சொல்லுங்கள். லெப்ட், ரைட், ஸ்ட்ரெய்ட் என்று சொல்வான். வரைபடக் கேள்வி முடிந்தது!

இலக்கணமா? தமிழைத் துணைக்கழையுங்கள். நான் செய்கிறேன், நீ செய்கிறாய், அவன் செய்கிறான் என ஆளுக்கு ஆள் வால் மாறுகிறதே, அந்த விதி அவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆங்கிலத்தில் அத்தனை வால் இல்லை. இன்றாடம் செய்வதைச் சொல்லும்போது, 'ஹி', 'ஷி', 'இட்' வந்தால் மட்டும் 'ஒர்க்' என்பது ஓர் எஸ் சேர்த்து 'ஒர்க்ஸ்' ஆகும். தமிழ் இத்தனை மாற்றம் செய்ய, ஆங்கிலம் ஒன்றே ஒன்று செய்கிறது என்று காட்டுங்கள். அச்சம் அங்கேயே பாதி ஓடும்!

இரவு ஷிப்டு வாரத்தில் புதுப் பாடம் வேண்டாம். தூங்காத மூளையில் எதுவும் தங்காது. அந்த வாரம் பஸ்ஸிலே மனப்பாடப் பாட்டு நான்கு வரி, அறைக்கு வந்தபின் ஒரே ஒரு கடிதம், போதும்.

அந்தக் கடிதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தேர்விலே அது 5 மார்க். தொழிற்சாலையிலே? லீவு விண்ணப்பம், பி.எஃப். பணம் வரவில்லை என்ற முறையீடு, விபத்து நடந்ததென்ற தகவல்: எல்லாம் கடிதமே! ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்தோடு தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் ஒட்ட வேண்டுமென்று 1946ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்தது. ஏன்? புரியாத தாளில் போடும் கையெழுத்து, சம்மதமாகாது என்பதால்! ஆயினும் இன்றும் நீட்டப்படும் தாள் ஆங்கிலத்தில் இருந்தால், "எங்கே கையெழுத்துப் போடணும், சார்?" என்றுதான் கேட்கிறான் நம் தம்பி. "இதில் என்ன எழுதியிருக்கிறது, சார்?" என்று அவன் கேட்கும் நாளே, அவன் தேறிய நாள்.

அந்த ஊரிலே பிறந்தவர் இராமானுசர். குரு மறைத்து வைக்கச் சொன்ன மந்திரத்தை, கோபுரத்திலேறி ஊர் கேட்கச் சொன்னார் என்பது கதை. மந்திரத்திலே நமக்கு நம்பிக்கையில்லை. மறைத்து வைப்பதை உடைத்த துணிவிலே மதிப்புண்டு. இன்றைய மறைபொருள் ஆங்கிலம். 1968 சனவரி 23ஆம் நாள், தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழித் திட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் ஏற்றது. ஏட்டில் ஏறிய அந்த ஆங்கிலம், இரவு ஷிப்டுத் தோழனின் அறைக்கும் இறங்கி வர வேண்டாமா?

ஆகவே, பட்டம் பெற்ற தோழர்களே, பத்தாவது தேறியவர்களே! கொடிக் கம்பம் நடத் தெரிந்த நமக்கு, ஒரு தம்பியோடு தரையிலமர்ந்து ஒரு மணி நேரம் படிக்கத் தெரியாதா? கிளைக்கு ஒரு தம்பியைத் தேர்ந்தெடுங்கள். அவனுக்கு நாற்பது மணி கொடுங்கள். முப்பத்தைந்தை அவன் வாங்கிக் கொள்வான். நீட்டும் தாளைப் படித்துப் பார்த்த பிறகே பேனாவையும் எடுப்பான்!